நாற்பதில் போகும் மாப்பிள்ளை

அத்தியாயம் 5

சனிக்கிழமை காலை ஒன்பது நாற்பது. ராஜபாளையம் பழைய பேருந்து நிலையத்தில் கிளம்பிய ஸ்கூட்டர், நீலப் புகை விட்டுக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் சாலையில் சீராகப் போனது. வேகம் நாற்பது. முப்பத்தொன்பதும் இல்லை, நாற்பத்தொன்றும் இல்லை.

நூறு அடி பின்னால் ஒரு பைக்கில் இரண்டு பேர் அந்தப் புகையைக் குடித்தபடி வந்தார்கள்.

ஓட்டியவர் பாண்டிதுரை. ராணுவத்தில் இருபது வருடம் லாரி ஓட்டியவர். பின்னால் இருந்தவள் மாரிசெல்வி. வேதியியல் பட்டதாரி. ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணிக் கடையின் மாடியில் துப்பறியும் நிலையம் நடத்துகிறாள். பலகையில் துப்பறியும் என்று எழுதியிருந்தாலும், வருகிற வேலையில் பத்துக்கு ஒன்பது மாப்பிள்ளை விசாரிப்பு. பத்தாவது, பெண் விசாரிப்பு.

“மலைமேல கான்வாய்லாம் போயிருக்கேன் மாரி. இம்புட்டு மெதுவா ஒருத்தனைத் துரத்துனது இல்ல” என்றார் பாண்டிதுரை.

“ரொம்பக் கிட்டப் போகாதீங்க அண்ணாச்சி.”

“நான் எங்க போறேன்? அவந்தான் கிட்ட வருதான். செத்த அசந்தா நாம முன்னால போயிருவோம். பொறவு அவன் நம்மளத் துரத்துற மாதிரி ஆயிரும்.”

டவுன் பஸ் ஒன்று ஹாரன் அடித்துத் தாண்டியது. அடுத்து ஒரு மினி லாரி. அதற்கும் அடுத்து, கரும்பு ஏற்றிய டிராக்டர் தாண்டியது. கரும்புக்கு மேல் உட்கார்ந்திருந்த ஆள் இவர்களைப் பார்த்துக் கையசைத்துவிட்டுப் போனான்.

“டிராக்டர்காரன் டாட்டா காட்டுதான். நான் என் சர்வீஸ்ல இந்த அவமானத்தைப் பார்த்ததில்ல.”

 மாரிசெல்வி முன்னால் போகிறவனின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் பெயர் சாம்சன். வயது இருபத்தெட்டு. சத்திரப்பட்டி பக்கம் ஒரு மருத்துவப் பஞ்சு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓய்வு பெற்ற போக்குவரத்து சப்-இன்ஸ்பெக்டர் ஞானதுரையின் மகள் கல்பனாவுக்கு நிச்சயிக்கப்பட்ட மாப்பிள்ளை. கேள்வி ஒன்றுதான். இவன் குடிக்கிறானா?

கேள்வியைக் கொண்டுவந்தவர் ஞானதுரையே. அவரிடம் இரண்டு சாட்சிகள் இருந்தார்கள். இரண்டு வாரத்துக்கு முந்தைய சனிக்கிழமை, காலை பத்து மணிக்கு, சாலை ஓரம் பிராந்தி பாட்டிலும் கையுமாக இவன் உட்கார்ந்து தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்ததை அவர்கள் போகும் சர்ச் சபையின் செயலாளர் பார்த்திருக்கிறார். போன சனிக்கிழமை அதே கோலத்தில், இன்னும் கொஞ்சம் தள்ளி, கல்பனாவின் பெரியம்மா பஸ்ஸில் இருந்து பார்த்திருக்கிறாள். மறுநாள் ஆராதனை முடிந்து அவன் வந்து கைகொடுத்தபோது கை ஸ்பிரிட் வாடை அடித்ததாம்.

“முப்பது வருஷம் ரோட்ல நின்னு எல்லாரையும் ஊதச் சொன்னவன் நான். மாப்பிள்ளைய ஊதச் சொல்ல முடியாதுல்லா. அதான் உங்ககிட்ட வந்தேன்” என்றார் ஞானதுரை.

அவகாசம் குறைவு. அவர்கள் சபையில், கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு மணமக்கள் பெயரை வாசித்து, தடை சொல்ல யாராவது உண்டா என்று கேட்பார்கள். அதற்கு ஓலை வாசிப்பது என்று பெயர். இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. மூன்றாவது நாளைக்கு. இன்று மாலை ஐந்து மணிக்குள் மாரிசெல்வி நல்ல சேதி சொல்லாவிட்டால், ஞானதுரை போதகரைக் கூப்பிட்டு மூன்றாவது ஓலையை நிறுத்திவிடுவார். பிறகு சாம்சனுக்கு ஊரில் குடிகாரன் என்று பெயர். கல்பனாவுக்கு, ஓலை நின்றுபோன பெண் என்று பெயர்.

நேற்று சாயங்காலம் கல்பனாவும் தனியாக வந்து மாடி ஏறினாள். நாற்காலியில் உட்காரவில்லை.

“அவிய குடிக்க மாட்டாவ அக்கா. ஆனா அத நான் சொன்னா எங்க வீட்ல எடுபடாது. நீங்க சொன்னா எடுபடும்.”

“குடிக்கிறவரா இருந்தா?”

கல்பனா படிக்கட்டுப் பக்கம் திரும்பினாள். “அதையும் எங்கிட்ட மொதல்ல சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

“எனக்கு ரெண்டு விஷயம் உறுத்துது அண்ணாச்சி” என்றாள் மாரிசெல்வி இப்போது.

“ஒண்ணு, என் பின்சீட்டா?”

“வாடை. குடிக்கிறவர்னா வாய்ல வரும். பெரியம்மா கையில வந்துச்சுன்னு சொன்னாவ.”

“எங்க ரெஜிமெண்டுல ஒருத்தன் கிளாஸ் இல்லாம உள்ளங்கையில ஊத்தி நக்குவான். ரெண்டாவது?”

“இடம். நேத்து ரெண்டு இடத்தையும் போய்ப் பார்த்தோம்ல. பழைய பஸ் ஸ்டாண்டுல இருந்து ஒண்ணு, ஏழு புள்ளி ஆறு கிலோமீட்டர். இன்னொண்ணு எட்டு. ஒரு பழக்கம் உள்ளவர் ஒரே இடத்துக்குத்தான் போவார். வாரம் நானூறு மீட்டர் ஏன் தள்ளிப் போகணும்?”

“கடை தள்ளிப் போயிருக்கும்.”

“ரெண்டு இடத்துலயும் கடையே இல்ல.”

ஏழரை கிலோமீட்டர் தாண்டியது. செயலாளர் சொன்ன இடம் வந்தது. சாம்சன் நிற்கவில்லை. எட்டு வந்தது. பெரியம்மா சொன்ன சின்னப் பாலம். நிற்கவில்லை. ஆனால் அவன் இப்போது குனிந்து ஸ்கூட்டரின் பக்கவாட்டைப் பார்த்தான். பாலம் தாண்டி இருநூறு மீட்டரில் ஸ்கூட்டர் இருமியது. இன்னொரு முறை இருமியது. நின்றது.

சாம்சன் அதை உருட்டி ஓரம் கட்டினான். பின்பக்கம் மாற்றுச் சக்கரத்தில் கட்டியிருந்த மஞ்சள் பையின் வாயை அவிழ்த்தான். உள்ளே இருந்து ஒரு பாட்டிலை எடுத்தான். சாலையோரக் கல்லில் உட்கார்ந்தான். பாட்டிலைச் சூரியனுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தான். வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டான்.

பாண்டிதுரை வண்டியை ஒரு வேலிக்கருவைக்குப் பின்னால் நிறுத்தினார்.

“முடிஞ்சுது மாரி. பாட்டில் இருக்கு. புலம்பல் இருக்கு. ஊறுகா மட்டும்தான் குறை. மத்தியானச் சாப்பாட்டுக்கு ஆபீஸ் போயிரலாம்.”

“குடிக்கிறவர் எங்க உட்காருவார் அண்ணாச்சி?”

“நிழல்ல.”

“அம்பது அடியில புளியமரம் இருக்கு. இவர் வெயில்ல உட்கார்ந்திருக்கார்.”

பாண்டிதுரை மரத்தைப் பார்த்தார். சாம்சனைப் பார்த்தார். “சரி. ரசனை இல்லாத குடிகாரன்.”

“பாட்டில் காலி. காலி பாட்டிலோட ஒருத்தர் வெயில்ல உட்கார்ந்து உள்ள பார்த்துக்கிட்டு இருக்கார். போன வாரமும் அதுக்கு முந்தின வாரமும் நிழல் இல்லாத இடம்தான்.” அவள் பைக்கின் கிலோமீட்டர் எண்ணைக் குறித்துக்கொண்டாள். எட்டு புள்ளி இரண்டு. “அவர் இடத்தைத் தேர்ந்தெடுக்கல. வண்டி தேர்ந்தெடுத்திருக்கு.”

“வண்டி எதுக்கு...” என்று ஆரம்பித்த பாண்டிதுரை நிறுத்தினார். இருபது வருடம் லாரி ஓட்டியவருக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. “அடப்பாவி. மைலேஜ் பாக்கானா?”

இருவரும் நடந்து போனார்கள். கிட்டத்தில் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. ஸ்கூட்டரின் வலப்பக்க மூடியைக் கழற்றியிருந்தான். மஞ்சள் பையிலிருந்து ஒரு மெல்லிய குழாய் இறங்கி கார்பரேட்டருக்குள் போனது. பாட்டிலில் பிராந்தி லேபிளைச் சுரண்டி எடுத்து, அந்த இடத்தில் ஒரு வெள்ளைத் தாள் ஒட்டி, பேனாவால் கோடு போட்டிருந்தது. கோட்டுக்குப் பக்கத்தில் 200.

சாம்சன் எழுந்து நின்றான். ஆள் ஒல்லி. உள்ளங்கையில் பேனாவால் எண்கள் எழுதியிருந்தன.

“வண்டி ரிப்பேர் இல்ல சார். பெட்ரோல் தீர்ந்துச்சு. வேணும்னுதான்” என்றான், உதவ வந்தவர்கள் என்று நினைத்து.

“ஊறுகா எதுவும் வேணுமா தம்பி?” என்றார் பாண்டிதுரை.

மாரிசெல்வி தான் யார் என்று சொன்னாள். யார் அனுப்பியது என்றும் சொன்னாள். சாம்சன் மறுபடி கல்லில் உட்கார்ந்தான். 

“குடிகாரன்னா நினைச்சாவ?”

“ரெண்டு சாட்சி இருக்கு. கையில வாடையும் இருக்கு.”

“அது பெட்ரோல்ல கலக்குற எத்தனால் மேடம்.” கையை முகர்ந்து பார்த்துக்கொண்டான். “அன்னிக்கு சோப்பு போட்டும் போகல.”

பிறகு அவனே சொன்னான். வரதட்சணை வேண்டாம் என்று அவன் வீட்டில் சொல்லிவிட்டார்கள். ஞானதுரை அதற்கு மதிப்பளித்து, தான் தொண்ணூற்றாறில் வாங்கிய இந்த ஸ்கூட்டரை நிச்சயத்தன்று அவனுக்குக் கொடுத்தார். ஒரு பிள்ளையைப் போல வளர்த்த வண்டி. அறுபது பேர் முன்னால் சாவியை நீட்டி, “லிட்டருக்கு அம்பது கொடுக்கும். இருநூறு மில்லி ஊத்துனா ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டுல இருந்து எங்க ஊர் எல்லைப் பலகையைத் தொட்டுரும்” என்றார். தூரம் சரியாகப் பத்து கிலோமீட்டர்.

“அதோட விட்டிருக்கலாம்லா” என்றார் பாண்டிதுரை.

“முடியல சார். என் வேலை என்னன்னு தெரியுமா? ஒவ்வொரு லாட்லயும் பஞ்சு எடுத்து தண்ணியில போடணும். பத்து செகண்டுக்குள்ள முங்கணும். முங்குதான்னு எண்ணணும். காலைல இருந்து சாயங்காலம் வரை அதான். எவனாவது ஒரு நம்பர் சொன்னா எண்ணிப் பாக்காம என்னால இருக்க ஏலாது.”

முதல் சனிக்கிழமை சாதாரண பங்க் பெட்ரோல். ஏழு புள்ளி ஆறில் நின்றது. அதாவது லிட்டருக்கு முப்பத்தெட்டு.

“எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. பொறவு யோசிச்சேன். மாமா அம்பதுன்னு சொன்னது அந்தக் காலத்துப் பெட்ரோல்ல. இப்ப இருபது சதம் எத்தனால். அது நியாயமான சோதனை இல்லல்ல? அதனால அடுத்த வாரம் பெட்ரோலைக் கழுவுனேன்.”

“கழுவுனியா? அரிசியைக் கழுவுற மாதிரியா?”

“கிட்டத்தட்ட அப்படித்தான் சார். தண்ணி விட்டுக் குலுக்கி வெச்சா எத்தனால் பெட்ரோலை விட்டுட்டு தண்ணியோட சேர்ந்து அடியில இறங்கிரும். ரெண்டுக்கும் நடுவுல கோடு தெரியும். மேல இருக்கிறதை மட்டும் எடுத்துக்கிடலாம். கோடு தெரியணும்னுதான் லேபிளைச் சுரண்டுனேன். பழைய இரும்புக் கடையில வெள்ளைக் கண்ணாடி பாட்டில் இதுதான் கிடைச்சுது.”

“ஊர்ல எத்தனையோ பேர் தண்ணியைக் கலந்து அடிக்கான். தண்ணியைக் கலந்து சரக்கைப் பிரிக்கிற ஆளை இப்பத்தான் பார்க்கேன்” என்றார் பாண்டிதுரை.

கழுவியது எட்டில் நின்றது. நாற்பது. இன்றைக்கு, எத்தனால் கலக்காதது என்று சொல்லி விற்கும் விலை கூடிய பெட்ரோலை மதுரையிலிருந்து நண்பன் காரில் வரவழைத்திருக்கிறான். எட்டு புள்ளி இரண்டு. நாற்பத்தொன்று.

மாரிசெல்வி மனதுக்குள் கணக்குப் போட்டாள். ஒரு லிட்டர் எத்தனால் எரிந்தால், பெட்ரோல் தரும் சூட்டில் மூன்றில் இரண்டு பங்குதான் வரும். அது ஐந்தில் ஒரு பங்கு கலந்தால் பதினைந்தில் ஒரு பங்கு நஷ்டம். நாற்பத்தொன்று முப்பத்தெட்டாகும். பையன் எண்ணியது சரி. முப்பத்தெட்டும் சரி, நாற்பத்தொன்றும் சரி.

“எத்தனால் எடுத்துக்கிட்டது லிட்டருக்கு மூணு கிலோமீட்டர்” என்றாள்.

“அம்பதுக்கு இன்னும் ஒன்பது இடிக்குதே” என்றார் பாண்டிதுரை.

சாம்சன் தரையைப் பார்த்தான். ஒரு லாரி போனது. அதன் காற்றில் மஞ்சள் பை ஆடியது.

“அந்த ஒன்பது உங்க மாமனார்” என்று பாண்டிதுரையே பதிலும் சொன்னார்.

“அதை மட்டும் எழுதாதீய மேடம்.”

“எழுதாம எப்படி? நீங்க குடிக்கலன்னு நான் சொன்னா, பாட்டில் எதுக்குன்னு கேப்பார். முப்பது வருஷம் போலீஸ்ல இருந்தவர்.”

“அப்ப குடிச்சேன்னே எழுதிருங்க.”

மாரிசெல்வி அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

“நெசமாத்தான் மேடம். குடிச்சா, திருந்திட்டேன்னு ஒருநாள் சொல்லலாம். ஜெபம் பண்ணுவாவ, மன்னிப்பாவ. அவர் அறுபது பேர் முன்னால சொன்ன பேச்சை நான் அளந்து பாத்தேன்னு தெரிஞ்சா, அதுல இருந்து எப்படித் திருந்துறது?”

இந்தத் தொழிலுக்கு வந்த மூன்று வருடத்தில், குற்றத்தை ஏற்றுக்கொள்கிறேன் என்று கெஞ்சிய நிரபராதியை அவள் முதல் தடவையாகப் பார்த்தாள்.

சாம்சன் ஒரு சின்ன கேனில் இருந்து பெட்ரோலை டேங்கில் ஊற்றினான். குழாயை மாற்றினான். ஸ்கூட்டரை ஒருபக்கம் சாய்த்து நிமிர்த்தி உதைத்தான். நாலாவது உதையில் பிடித்தது. கிளம்பும் முன் தயங்கினான்.

“ஒரு சந்தேகம் மேடம். தினமும் பேக்டரிக்குப் போக எதைப் போட?”

“பங்க்ல கிடைக்கிறதையே போடுங்க. மூணு கிலோமீட்டருக்காக மதுரைக்கு ஆள் அனுப்பிக் கட்டுப்படியாகாது. பழைய வண்டி, அதனால பெட்ரோல் குழாயையும் ரப்பர் வாஷரையும் புதுசா மாத்திருங்க. பழைய ரப்பரை எத்தனால் ஊற வெச்சிரும். மழையில நிப்பாட்டாதீங்க, டேங்கில தண்ணி இறங்கக்கூடாது.”

“கழுவுறது?”

“இனிமே கழுவாதீங்க. எத்தனாலை எடுத்துட்டா என்ஜின் உள்ள டக்டக்னு தட்டும். வீட்டுக்குள்ள வெச்சுக் குலுக்கும்போது பக்கத்துல அடுப்பு இருந்தா, ஓலை வாசிக்க ஆள் இருக்காது.”

அவன் தலையாட்டிவிட்டு ராஜபாளையம் பக்கம் திரும்பிப் போனான். இப்போதும் நாற்பதில்தான் போனான்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு டீக்கடையில் மாரிசெல்வி அறிக்கை எழுத உட்கார்ந்தாள். ‘மேற்படி நபருக்குக் குடிப்பழக்கம் இல்லை’ என்று ஒரு வரி எழுதினாள். அடுத்த வரி வரவில்லை. பாண்டிதுரை கால் கிலோ பால்கோவாவைப் பாதி முடித்திருந்தார்.

“கண்ணாடி பாட்டில் பொறுக்குற வியாதின்னு எழுது” என்றார்.

“பொய் எழுத மாட்டேன்.”

“அப்ப உண்மையை எழுது. கல்யாணம் நிக்கும்.”

“பாதி உண்மை எழுதலாமான்னு பாக்கேன்.”

“அதுக்குப் பேர்தான் எத்தனால் பெட்ரோல்” என்றார் பாண்டிதுரை. “ஓடும். ஆனா எல்லைப் பலகையைத் தொடாது.”

நாலரை மணிக்கு ஞானதுரை வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தார்கள். சுவரில் அவர் சீருடையில் இருக்கும் படம். அதற்குக் கீழே அவர், வெள்ளைச் சட்டையில், அதே முறைப்போடு. மடியில் போன். சமையலறையில் அவர் மனைவி பரிபூரணம் டீ போடும் சத்தம். கல்பனா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாரிசெல்வி வந்ததும் அவளைப் பார்த்து லேசாகத் தலையசைத்திருந்தாள். அந்தத் தெம்பு கல்பனா முகத்தில் தெரிந்தது.

“குடிக்கானா?”

“இல்ல சார்.”

“நல்லாத் தெரியுமா?”

“கண்ணால பார்த்தோம்.”

ஞானதுரை மூச்சு விட்டார். அத்துடன் விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் அவர் மேஜையில் இருந்த தாளை எடுத்துப் பார்த்தார். ஒரு வரிதான் இருந்தது.

“அப்ப பாட்டில்?”

மாரிசெல்வி கல்பனாவைப் பார்த்தாள். “அதுல பெட்ரோல் இருந்துச்சு.”

“பெட்ரோலா குடிக்கான்?”

“வண்டி குடிச்சுது சார்” என்றார் பாண்டிதுரை. சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாது என்று அவருக்குப் பட்டது.

ஞானதுரையின் முகம் மெதுவாக மாறியது. முப்பது வருடம் வீண் போகவில்லை. “எம்புட்டு பெட்ரோல்?”

பாண்டிதுரை சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார்.

“இருநூறு மில்லியா?”

“ஆமா சார்.”

“ரோட்ல நின்னது எல்லைப் பலகைக்கு முன்னாலயா, பின்னாலயா?”

“முன்னால.”

அவர் எழுந்தார். “என் பேச்சை அளந்திருக்கான். அறுபது பேர் முன்னால கொடுத்த வாக்கு. அதுக்கு பாட்டிலும் குழாயும் போட்டு அளந்திருக்கான்.” போனில் எண்ணைத் தேடினார். “குடிகாரனா இருந்தாக்கூட மன்னிச்சிருப்பேன்.”

சாம்சன் சொன்னது ஒரு சொல் பிசகாமல் நடந்தது.

“அப்பா” என்றாள் கல்பனா.

“நீ பேசாத.”

போதகரின் போன் அடிப்பது கூடம் முழுக்கக் கேட்டது. அடித்து அடித்து நின்றது. ஞானதுரை மறுபடி எண்ணை அழுத்தப் போனார்.

“சார், ஒரு கேள்வி” என்றாள் மாரிசெல்வி. அவள் குரல் எப்போதும் சின்னதுதான்.  “முதல் சனிக்கிழமையே வண்டி பாதியில நின்னுருச்சு. உங்களைச் சந்தேகப்பட்டவர்னா, அன்னிக்கே விடை கிடைச்சிருச்சு. வீட்டுக்குப் போய் சிரிச்சிருக்கலாம். அடுத்த சனிக்கிழமை ஏன் வந்தார்?”

ஞானதுரை விரலை நிறுத்தினார்.

“நீங்க சொன்னது பழைய பெட்ரோலுக்கு, இப்ப எத்தனால் கலந்திருக்கு, அதனால சோதனைதான் தப்புன்னு நினைச்சிருக்கார். தண்ணி ஊத்திப் பெட்ரோலைக் கழுவியிருக்கார். கை முழுக்க வாடை. அதுவும் எட்டல. மதுரைக்கு ஆள் அனுப்பி எத்தனால் இல்லாதது வாங்கியிருக்கார். இன்னிக்கு அதை ஊத்தி வெயில்ல உட்கார்ந்திருந்தார். ஒருத்தர் சொன்னது பொய்னு காட்ட ஒரு சோதனை போதும் சார். மெய்னு காட்டத்தான் மூணு சோதனை வேணும்.” அவள் மூச்சு வாங்கிக்கொண்டாள். “அவர் உங்களைக் கூண்டுல ஏத்தல. உங்க அம்பதுக்கு ஜாமீன் தேடிட்டு இருந்திருக்கார்.”

 ஞானதுரை உட்கார்ந்தார்.

“கடைசியில எம்புட்டு கொடுத்துச்சு?”

“பங்க் பெட்ரோல் முப்பத்தெட்டு. கழுவினது நாற்பது. எத்தனால் இல்லாதது நாற்பத்தொண்ணு.”

அவர் மெதுவாகத் தலையாட்டினார். முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. “பாத்தீங்களா, இந்த எத்தனால் பண்ற வேலையை. அம்பது கொடுத்த வண்டி. பன்னெண்டு கிலோமீட்டரை முழுங்கியிருக்கு.”

மாரிசெல்வி வாயைத் திறந்தாள். பதினைந்தில் ஒரு பங்கு என்ற கணக்கு நாக்கு நுனியில் இருந்தது. பாண்டிதுரை அவள் காலை மிதித்தார்.

மிதிக்க முடியாத இடத்திலிருந்து பதில் வந்தது. பரிபூரணம் டீத் தட்டோடு வந்து நின்றாள்.

“அது என்னிக்கு அம்பது கொடுத்துச்சு? வாங்குன புதுசுலயே நாப்பத்தொண்ணுதான். அப்ப எத்தனாலும் இல்ல, ஒண்ணும் இல்ல. வத்திராயிருப்பு போற வழியில ரெண்டு தடவை நின்னு, இறங்கித் தள்ளுனது நான். நீங்க மேல உக்காந்து பிடிச்சுக்கிட்டு வந்தீய.”

“நீ செத்த உள்ள போ.”

“போறேன். பொறவு பிள்ளையை என்ன குத்தம் சொல்லுதீய? முப்பது வருஷமா ஊர்ல போற வாரவனையெல்லாம் நிப்பாட்டி ஊதச் சொன்னீய. அவன் உங்களைச் செத்த ஊதச் சொல்லியிருக்கான். அம்புட்டுதான்.”

பாண்டிதுரை டீயை வாயில் வைத்திருந்தார். அதை விழுங்க அவர் பட்ட பாட்டை மாரிசெல்வி பார்க்காமல் இருக்க முயன்றாள்.

அப்போது போன் அடித்தது. திரையில் போதகர் பெயர். ஞானதுரை அதைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். கதவைப் பிடித்திருந்த கல்பனாவின் விரல்கள் வெளுத்திருந்தன. நாலாவது மணியில் எடுத்தார்.

“ஸ்தோத்திரம் ஐயா. ஆமா, நான்தான் கூப்பிட்டேன். நாளைக்கு ஓலை விஷயமா.” தொண்டையைச் செருமிக்கொண்டார். “நிப்பாட்டவா? அதெல்லாம் இல்ல ஐயா. வாசிக்கையில மாப்பிள்ளை பேரைச் செத்த சத்தமா வாசிங்க. எங்க மதினி, அதான் கல்பனா பெரியம்மா, பின் பெஞ்சுல உக்காருவா. அவளுக்குக் கேக்கணும்.”